வேலி ஃபோர்ஜ் பார்க்கில் பேய் உலாவுகிறதாமே, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

கோலப்பொடி (கேள்வி)

வணக்கம். போன கோடையில்தான் பென்சில்வேனியாவில் கிங் ஆஃப் பிரஷ்யாவுக்குக் குடிவந்தோம். வேலி ஃபோர்ஜ் பார்க் பக்கத்திலேயே இருப்பதால் சாயங்கால நடைக்கு அங்கேதான் போகிறோம். பெரியவள் ஏழாம் வகுப்பு. ஆங்கிலேயருக்கு எதிரான அமெரிக்கப் புரட்சிப் போரில், 1777 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை வந்து தங்கிய பாசறை இது என்று அவள்தான் எங்களுக்கே பாடம் எடுக்கிறாள். அதுவரை சரி.

இப்போது என் அத்தை (மாமியார்) ஊரிலிருந்து வந்திருக்கிறார். மரக்குடிசைகளையும் பீரங்கிகளையும் பார்த்துவிட்டு, "இங்கே எத்தனை பேர் செத்தாங்க?" என்று பேத்தியிடம் கேட்டார். அவளும் படித்ததை அப்படியே ஒப்பித்தாள், ஏறக்குறைய இரண்டாயிரம் என்று. அவ்வளவுதான். "விளக்கு வைக்கிற நேரத்துல இந்த மாதிரி இடத்துக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டு வருவியா?" என்று பிடித்துக்கொண்டார்.

போதாததற்கு என் அலுவலகத்தில் ஒருவர் மூன்று கதை சொல்லி அனுப்பினார். பனியில் விறைத்துச் செத்தவர்களை அந்தப் புல்வெளிக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்களாம், இரவில் முனகல் கேட்குமாம். ஒரு ஜெனரல் தன் எலும்பைத் தேடிக் குதிரையில் வருவாராம், அதுவும் ஜனவரி 1-ஆம் தேதி. அப்புறம் வாஷிங்டனுக்கு இங்கே ஒரு தேவதை தோன்றி நாட்டின் எதிர்காலத்தைக் காட்டினாளாம்.

இதில் எது வரலாறு, எது கட்டுக்கதை? இந்தப் பக்கம் ரொம்ப நாளாக இருப்பவர்கள் சொல்லுங்கள். மகளுக்கு இதை வைத்தே ஒரு புராஜெக்ட்டும் செய்ய வேண்டியிருக்கிறது.

சாலையோரம்

முனகலைப் பற்றித் தெரியாது. ஆனால் குளிர்காலத்து ராத்திரியில் பார்க்குக்குள் வெடிச்சத்தம் கேட்டால் புரட்சிப் போர் வீரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மான் பெருத்துக் காடே மொட்டையாகிறது என்று 2010-லிருந்து குளிர்காலங்களில் ஆள் வைத்துச் சுட்டுக் குறைக்கிறார்கள். அப்போது ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. 23-ஆம் எண் சாலையில் இரவில் காரை ஓட்டினால் ஹெட்லைட் பட்டு வரிசையாகக் கண்கள் பச்சையாக மின்னும். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் வயிற்றில் புளியைக் கரைக்கும். நரி கத்துவதையும் கேட்டிருக்கிறேன், பெண் குரலில் அலறுகிற மாதிரியேதான் இருக்கும்.

இன்னொன்று, இருட்டிய பிறகு பார்க்குக்குள் இருக்க அனுமதி கிடையாது. அத்தையும் அரசாங்கமும் இதில் ஒரே கட்சி.

இரவுப்பணி

கோலப்பொடி, உங்கள் அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். நான் ஆஸ்பத்திரியில் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் நர்ஸ். அதற்கு முன்னால் பல வருடம் வார்டில் இரவு வேலைதான். செத்தவர்கள் வருவதாக இருந்தால் எங்களிடம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வேலி ஃபோர்ஜ் பக்கம் நான் போவதும் பேய்க்காக இல்லை, அங்கே நடந்தது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்.

அந்த இரண்டாயிரத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை ஏறக்குறைய சரி, 1,700 முதல் 2,000 வரை சொல்வார்கள். ஆனால் அலுவலகக்காரர் சொன்ன சாவு இல்லை அது. வேலி ஃபோர்ஜில் போரே நடக்கவில்லை. பிலடெல்பியாவை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள், அவர்களைக் கண்காணிக்கிற தூரத்தில் குளிர்காலத்தைக் கழிக்க ஒரு மேடு வேண்டும், அதற்காக வந்தார்கள். 1777 டிசம்பர் 19 அன்று சுமார் 12,000 பேர் வந்து இறங்கினார்கள், 1778 ஜூன் 19 அன்று கிளம்பினார்கள். செத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் செத்தது மார்ச், ஏப்ரல், மே மாதங்களில். பனி உருகி, மரம் துளிர்த்து, சாப்பாட்டு வண்டிகள் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு!

குளிர்தான் கொன்றது என்றால் ஜனவரியில் செத்திருக்க வேண்டும். உண்மையில் அந்த வருடக் குளிர் அப்படியொன்றும் கொடியது இல்லை. மிகக் கொடிய குளிர் 1779-80-ல் நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுன் பாசறையில் அடித்தது. அங்கே செத்தவர்கள் இதை விட மிகவும் குறைவு. பள்ளிப் புத்தகத்துப் படத்தில் ரத்தக்கால் சிப்பாய் பனியில் நிற்பதால் எல்லோர் மனதிலும் பனிதான் நிற்கிறது.

கொன்றது டைஃபஸ், டைபாய்டு, ரத்தபேதி, நிமோனியா. எப்படி என்று பார்க்க நீங்கள் பார்த்த குடிசைக்குள்ளேயே போங்கள். 14 அடிக்கு 16 அடி. அதில் 12 பேர். வாஷிங்டனே உத்தரவில் போட்ட அளவு. சீக்கிரமாகவும் நன்றாகவும் கட்டுகிற குழுவுக்கு ஒவ்வொரு ரெஜிமெண்டிலும் 12 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். மரத்துண்டுகளுக்கு நடுவே களிமண் அப்பிக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். உள்ளே அடுப்புப் புகை. மாற்றுத் துணி கிடையாது. டிசம்பர் 23 அன்று காங்கிரஸ் தலைவர் ஹென்றி லாரன்ஸுக்கு வாஷிங்டன் எழுதிய கடிதத்தில், செருப்பும் உடையும் இல்லாததால் வேலைக்கு ஆகாதவர்கள் 2,898 பேர் என்று கணக்கு இருக்கிறது. ஒரே சட்டையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் இடித்துப் படுத்தால் என்ன வரும்? சீலைப்பேன் வரும். சீலைப்பேனோடு டைஃபஸ் வரும். சிரங்குக்குக் கந்தகத்தைப் பன்றிக்கொழுப்பில் குழைத்துப் பூசினார்கள். செத்த குதிரைகள் நூற்றுக்கணக்கில். அவற்றைப் புதைக்காமல் போட்டிருக்கிறீர்களே என்று மார்ச் மாதத்து உத்தரவு ஒன்று திட்டுகிறது. பனி இருந்தவரை உறைந்து கிடந்தது, வெயில் வந்ததும் எல்லாம் ஓடைக்குப் போயிருக்கும். எனக்கு அந்த உத்தரவைப் படித்தபோதுதான் உண்மையிலேயே முதுகு சில்லிட்டது.

அப்போது கிருமி என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று நினைத்து, குடிசைக்குள் தினமும் ஒரு தோட்டாவின் வெடிமருந்தைக் கொளுத்தச் சொன்னார்கள். மே மாதத்தில் சுவரின் களிமண்ணைப் பெயர்த்துக் காற்று விடச் சொன்னார்கள், அது உருப்படியான யோசனை. பெரியம்மைக்கு மட்டும் அசல் வைத்தியம் நடந்தது. நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து நல்லவன் கையில் கீறி ஏற்றுவது. ஜென்னரின் தடுப்பூசிக்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் முந்தைய கதை இது. ஆயிரக்கணக்கான பேருக்குச் செய்தார்கள். வாஷிங்டன் இளவயதில் பார்படோஸ் போய் அம்மை வாங்கி வந்தவர், அதனால் அதன் அருமை அவருக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். நோயாளிகளைப் பாசறையில் வைத்திருக்கவில்லை. வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள்: யெல்லோ ஸ்பிரிங்ஸ், எஃப்ராட்டா, லிடிட்ஸ், பெத்லகேம், ரெடிங் என்று பல ஊர்களுக்கு. பெரும்பாலானோர் செத்ததும் புதைக்கப்பட்டதும் அங்கேதான். எஃப்ராட்டாவில் துறவு வாழ்க்கை நடத்திய ஒரு ஜெர்மானிய சபை தன் கட்டிடத்தைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. பணிவிடை செய்தவர்களிலும் சிலர் அதே காய்ச்சலில் போனார்கள். அவர்களைப் பற்றி யாராவது பேய்க்கதை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

பார்க்குக்குள் பெயர் தெரிந்த கல்லறை ஒன்றே ஒன்று. ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஜான் வாட்டர்மேன். துப்பாக்கி பிடித்தவர்கூட இல்லை, சாப்பாட்டுச் சாமான் வாங்கிக் கணக்குப் பார்த்தவர். 1778 ஏப்ரலில் இறந்தார். கல்லில் ஜே.டபிள்யூ., 1778 என்று மட்டும் செதுக்கியிருந்தார்கள். 1901-ல் அவர் பெயரில் ஒரு பெரிய தூண் எழுப்பினார்கள். வண்டியில் போகும்போது தெரியும்.

எலும்பு தேடும் ஜெனரல் கதைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பேயை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது முழுக்க உண்மை. ஆண்டனி வெய்ன். 1745 ஜனவரி 1 அன்று பிறந்தவர், ஜனவரி 1 கணக்கு அதனால்தான். 1796 டிசம்பரில் ஈரி ஏரிக்கரைக் கோட்டையில் கீல்வாதம் முற்றி இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். 1809-ல் மகன் ஐசக், அப்பாவைக் குடும்பக் கல்லறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சின்னக் குதிரை வண்டியில் போனார். எலும்புதான் இருக்கும் என்று நினைத்துத் தோண்டினால் உடம்பு பெரும்பாலும் கெடாமல் கிடக்கிறது. வண்டியில் இடம் இல்லை. வாலஸ் என்ற டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? உடலைத் துண்டாக்கிப் பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, எலும்பைத் தனியாக எடுத்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். சதையையும் உடையையும் மறுபடி ஈரியிலேயே புதைத்தார்கள். எலும்பு ரேட்னரில் செயின்ட் டேவிட்ஸ் தேவாலயத்துக்கு வந்தது, உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு கல்லறை. பெட்டி வழியில் ஆடி ஆடிச் சில எலும்புகள் விழுந்துவிட்டன, அதைத்தான் 322-ஆம் எண் சாலையில் தேடுகிறார் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை. வேலி ஃபோர்ஜில் அவர் குதிரைச் சிலை இருக்கிறது, 1908-ல் வைத்தது. அதைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்த யாரோ கதையை இங்கேயும் இழுத்து வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தேவதைக் கதைக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம். 1861-ல் வெஸ்லி பிராட்ஷா என்ற புனைபெயரில் சார்ல்ஸ் வெஸ்லி அலெக்சாண்டர் என்பவர் எழுதியது. 99 வயதுக் கிழவர் ஒருவர் நேரில் சொன்னதாக. 1861-ல் என்ன நடந்தது? உள்நாட்டுப் போர் தொடங்கியது. தேவதை வாஷிங்டனுக்குக் காட்டிய ஆபத்துகளில் ஒன்று என்ன? உள்நாட்டுப் போர்! அந்தப் போரில் மெக்கிளெல்லன் என்ற ஜெனரல் இருந்தார். அவருக்கும் ஒரு கனவை அதே கை எழுதிக் கொடுத்தது.

மணல்வீடு

இரவுப்பணி அவர்களே, எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்துவிட முடியுமா? என் நண்பர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பனிமூட்டமான ஒரு காலையில் குடிசைகள் பக்கம் தனியாக நடக்கும்போது விறகுப்புகை வாசனை, யாரோ தாழ்ந்த குரலில் பேசுகிற சத்தம். சுற்றிலும் யாரும் இல்லை. அங்கே தூக்கில் போட்டதும் நடந்திருக்கிறதே. அநியாயச் சாவு, அவ்வளவு லேசாகப் போய்விடாது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்.

இரவுப்பணி

மணல்வீடு, தூக்கு நடந்தது உண்மை. தாமஸ் ஷாங்ஸ் என்ற முன்னாள் அதிகாரியை ஒற்றர் என்று 1778 ஜூனில் தூக்கிலிட்டார்கள். உங்கள் நண்பரை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. புகை வாசனை வந்திருக்கும். மியூலன்பர்க் என்ற ஜெனரலின் படைப்பிரிவு இருந்த இடத்துக் குடிசைகள் பக்கம் பழைய சீருடை போட்ட தன்னார்வலர்கள் வருகிற நாட்களில் அடுப்பு மூட்டுவதுண்டு, அந்தக் கட்டைகளில் வாசனை ஊறிக் கிடக்கும். மூடுபனியில் குரல் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது, ஓட்டம் போகிறவர்கள் எந்நேரமும் இருப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் குடிசைகள் எதுவுமே 1777-ல் கட்டியவை இல்லை. பழையவை உளுத்தும் விவசாயிகள் பிரித்தும் போய்விட்டன. இப்போது நிற்பவை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி கட்டியவை, மியூலன்பர்க் வரிசையும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கிற மூடு பாலத்தையும் வாஷிங்டன் காலத்தோடு சேர்த்துப் பேசுவார்கள், அது 1865-ல் கட்டியது. பேய்க்கு என்று அங்கே அசலாக ஒரு வீடு வேண்டுமானால் வாஷிங்டன் வாடகைக்கு இருந்த பாட்ஸ் குடும்பத்துக் கல்வீடு ஒன்று இருக்கிறது. அங்கே பேய் வந்ததாக யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, பகலில் அவ்வளவு கூட்டம்.

சத்தம் வேண்டும் என்றால் அசல் சத்தம் ஒன்று பதிவாகியிருக்கிறது. கனெக்டிகட் படையின் மருத்துவர் அல்பிஜென்ஸ் வால்டோ நாட்குறிப்பு எழுதினார். டிசம்பர் 21 சாயங்காலம், வந்து இறங்கி இரண்டே நாள். தின்ன இறைச்சி இல்லை. மாவையும் தண்ணீரையும் பிசைந்து கல்லில் சுட்ட அடைதான். கூடாரத்துக்குக் கூடாரம் "இறைச்சி இல்லை, இறைச்சி இல்லை" என்று சிப்பாய்கள் கத்தத் தொடங்குகிறார்கள். பள்ளத்தாக்கு அதைத் திருப்பிக் கத்துகிறது. கூடவே சிலர் காக்கை மாதிரியும் ஆந்தை மாதிரியும் குரல் எழுப்புகிறார்கள். ஆயிரக்கணக்கான பசித்த வாலிபர்கள் இருட்டில் ஆந்தையாகக் கத்தியிருக்கிறார்கள்! அதில் கோபமும் இருக்கிறது, குசும்பும் இருக்கிறது. எங்கள் வார்டில் சாப்பாட்டு வண்டி தாமதமானால் தட்டைத் தட்டுகிற பையன்களை நினைத்துக்கொள்வேன்.

அநியாயச் சாவு லேசில் போகாது என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் குறையும் அதுதான். பேயாக வருவது யார் பாருங்கள், ஜெனரல். கனவு காண்பது யார், ஜெனரல். சீலைப்பேன் கடித்து, காய்ச்சலில் பிதற்றி, முன்பின் தெரியாத ஊரில் வைக்கோல் மேல் செத்த பதினெட்டு வயதுப் பையனுக்குப் பேயாக வரக்கூட இடம் ஒதுக்கவில்லை. கறுப்பினச் சிப்பாய்களும் பூர்வகுடிச் சிப்பாய்களும் அந்தக் குடிசைகளில்தான் இருந்தார்கள், சமையலுக்கும் துணி துவைக்கவும் நோயாளியைப் பார்க்கவும் கூட வந்த பெண்கள் நானூறு பேர் என்று பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கு இருக்கிறது. அந்தக் கதைகளைச் சொல்லுங்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்கிறேன்.

கோலப்பொடி

அக்கா, ரொம்ப நன்றி. அண்டாவில் கொதிக்கவைத்த கதையை மகளிடம் சொன்னேன், புராஜெக்ட்டே அதுதான் என்று குதிக்கிறாள். ஆசிரியை என்ன சொல்வாரோ. அத்தைக்குச் சீலைப்பேன் விஷயம்தான் மனதில் பட்டது. "எங்க அம்மா காலத்துல துணியைக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுப்பாங்க, இவங்களுக்கு அது தெரியலையா?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்ல? இன்னொன்று, யெல்லோ ஸ்பிரிங்ஸில் இப்போது பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இரவுப்பணி

அத்தை சொன்னது சரியான வைத்தியம். ஆனால் கொதிக்கவைக்க மாற்றுத் துணி வேண்டுமே, அதுதான் இல்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு காவலுக்கு நின்றவர்கள் அவர்கள்.

யெல்லோ ஸ்பிரிங்ஸ் உங்களுக்குப் பத்து மைல் சொச்சம், செஸ்டர் ஸ்பிரிங்ஸ் என்று போட்டால் வழி காட்டும். புரட்சிப் படைக்கு ஆஸ்பத்திரியாகவே கட்டிய மூன்று மாடிக் கட்டிடம் அங்கே இருந்தது. போடோ ஓட்டோ என்ற ஜெர்மானிய மருத்துவர் தன் மகன்களோடு நடத்தினார். தீப்பிடித்து அழிந்து இப்போது அடித்தளக் கற்கள் மட்டும்தான், பக்கத்தில் அந்தக் காலத்து மூலிகைத் தோட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு அது பிடிக்கும். பகலில் போங்கள், கூட்டம் இருக்காது.

புராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் சாக்பீஸால் 14-க்கு 16 அடிக்குக் கட்டம் போட்டு, அடுப்புக்கும் வாசலுக்கும் இடம் விட்டு, தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அதற்குள் படுக்கச் சொல்லிப் படம் எடுக்கட்டும். வெய்ன் கதையும் இருக்கட்டும், ஆனால் மார்க் அந்தப் படத்துக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நர்ஸாக ஒரு விஷயம். அந்தப் பார்க்கில் மான் இருக்கிறது, அதனால் உண்ணி இருக்கிறது, இந்த மாநிலத்தில் லைம் நோய் மிக அதிகம். உயரமான புல்லுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.